வீட்டுக்கு ஒரு ஜெபப் புத்தகம்
(நம் மூத்தோர் ஏன் வாங்கினார்கள்?)



இந்த ஜூபிலி மலருக்காக வீடு வீடாகச் சென்று மூத்தோரிடம் பழைய செய்திகளைக் கேட்டபோது, நாம் எதிர்பாராத ஒன்று நடந்தது. "புதுவாயலுக்கு வந்தபோது என்ன கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டோம். பாய், பாத்திரம், மாற்றுத் துணி என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள், பேச்சின் நடுவே எழுந்து உள்ளே போனார்கள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்தும், சுரூபம் வைத்த மாடத்திலிருந்தும் ஒரு சிறு புத்தகத்தை எடுத்து வந்தார்கள். அட்டை போனது, நூல் பிரிந்தது, மெழுகுதிரி சொட்டிக் கறைபட்டது, காடாத் துணியில் சுற்றியது. ஏறக்குறைய எல்லாமே ஜெபப் புத்தகங்கள்.

ஒரு பாட்டியின் கையில் இருந்த புத்தகத்தில் முதல் 8 பக்கங்கள் இல்லை. "எனக்கு எழுத்து தெரியாது சாமி, எங்க அப்பா வாங்கினது" என்றார். எழுத்துத் தெரியாதவர் ஏன் ஒரு புத்தகத்தை இத்தனை ஆண்டுகள் காத்து வைத்திருக்கிறார்? அவருடைய தகப்பனார், நெல்லும் கூலியும் எண்ணி வாழ்ந்தவர், ஏன் காசு கொடுத்து அதை வாங்கினார்? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றபோது, அது நம்மை 400 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னே அழைத்துச் சென்றது. அங்கே கண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் புத்தகத்துக்குப் பணம் தந்தவர்கள்

1542-ல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு முக்கியமான ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, தாமே மனப்பாடம் செய்தார். தெருவில் மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி, அந்த ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள். ஆகவே நம் விசுவாசம் முதலில் வாயிலும் காதிலும் வாழ்ந்தது. ஏடு பிறகு வந்தது.

ஆனால் அவர் ஓர் ஊரில் நிலையாக இருக்க முடியவில்லை. அவர் போன பின் யார் சொல்லிக் கொடுப்பது? சொல்லில் பிழை வந்தால் யார் திருத்துவது? இந்தத் தேவையிலிருந்துதான் தமிழில் புத்தகம் பிறந்தது.

1554-ல் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் தமிழ் ஜெபங்கள் அடங்கிய ஒரு சிறு நூல் அச்சாயிற்று. அதில் சொற்கள் தமிழ், எழுத்துகள் ரோமன். நம் மக்களுக்கு அதை வாசிக்க முடியாது. பிறகு வந்தவர் சேசு சபைக் குருவான அண்டிரீக் அடிகளார் என்னும் என்றிக்கே என்றீக்கசு. 1520-ல் போர்த்துக்கல்லில் பிறந்து, 1600-ல் புன்னைக்காயலில் உயிர் நீத்தவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முத்துக்குளித்துறையிலேயே உழைத்துத் தமிழைக் கற்றவர். அவர் ஆக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. பக்கங்கள் 16 மட்டுமே. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் நம் நாட்டில் அச்சாகி இன்றும் நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. மறு ஆண்டு 1579-ல் கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்" வந்தது. 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல் ஒன்றும், 1586-ல் புனிதர்களின் சரித்திரமாகிய "அடியார் வரலாறு" என்னும் பெரிய நூலும் வந்தன.

இவற்றை நாம் பள்ளிப் பாடத்திலும் படித்திருக்கலாம். ஆனால் பாடப் புத்தகம் அதிகம் பேசாத ஒரு செய்தி உண்டு. இந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைக் கடலோடி மக்களே தங்கள் கைப்பொருளைத் தந்தார்கள். மூச்சடக்கி முத்தெடுத்தவர்கள், அந்த வருவாயில் ஒரு பங்கை எழுத்துக்குக் கொடுத்தார்கள். அவர்களுள் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? ஊருக்குச் சிலர் இருந்திருப்பார்கள். அந்தச் சிலர் வாசிக்க, ஊரே கேட்டுச் சொல்லும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாரும் கொடுத்தார்கள். தமிழ் அச்சு நூலின் கதை இப்படி விசுவாசிகளின் காணிக்கையோடு தொடங்குகிறது. அந்தப் பாட்டியின் தகப்பனாரும் இந்த வரிசையில் நிற்பவரே.

குருவானவர் தொலைவில் இருந்தபோது

அந்த முதல் முயற்சிக்குப் பின் தமிழ் அச்சு நெடுங்காலம் பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. அச்சு ஓய்ந்தாலும் புத்தகம் ஓயவில்லை. ஓலையில் எழுதினார்கள். எழுதியதைப் பார்த்து எழுதினார்கள். 1606-ல் மதுரை வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நோபிலி எழுதிய உபதேச நூல்கள் இவ்வாறே ஊர் ஊராகச் சென்றன.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் சபைக் குருவான சீகன்பால்கு, 1713 முதல் அங்கே தமிழ் அச்சை மீண்டும் எழுப்பினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் வந்துவிட்டது. காகிதம் போதாமல் பொறையாறில் காகித ஆலையே வைத்தார்கள் என்றால், அச்சுப் புத்தகத்துக்கு இருந்த தேவையை நாம் எண்ணிப் பார்க்கலாம். இது நம் சபையாரையும் விழிக்கச் செய்தது. வீரமாமுனிவர் 1726-ல் நம் சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணியைப் பாடி முடித்தார். புலவர்கள் அதைப் போற்றினார்கள். ஆனால் சாதாரண மக்களுக்காக அவர் எழுதியவை உரைநடை நூல்கள். அவற்றுள் "வேதியர் ஒழுக்கம்" நம் கவனத்துக்கு உரியது. வேதியர் என்றால் உபதேசியார். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் ஊரில், மற்ற நாள்களில் மந்தையைக் காப்பவர் அவர்தாம். அந்த உபதேசியார் கையில் கொடுப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல் அது.

கடலுக்கு அப்பால் ஈழத்திலும் இதே கதைதான். அங்கே டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்தது. 1705-ல் அந்நாட்டுக்குப் போன கோவா நாட்டுக் குருவான யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமிகள், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" தபசுகாலத்தில் கோவிலில் கூடி இராகத்தோடு வாசிக்கப்படும் நூல். குருவானவர் மறைந்து வாழ்ந்த நாளிலும், அந்த நூலை ஒருவர் விரித்து வாசித்தால் ஊரே ஆண்டவரின் பாடுகளை நினைத்து அழுதது. ஈழத்திலிருந்து வந்து நம் அருகில் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் சகோதரர்களிடம் அந்த நூலின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அந்த இராகம் அறிந்த பெரியவர்கள் அவர்களிடையே இருக்கக்கூடும்.

1773-ல் பாப்பரசர் சேசு சபையைக் கலைத்தார். அதன்பின் தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு ஆண்டுக்கணக்கில் குருவானவர் வரவில்லை. 1838-ல் சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தபோது, விசுவாசம் அணைந்துபோகாமல் இருந்தது. அதைக் காத்தவர்கள் உபதேசியார்களும், பாட்டிமார்களும், அவர்கள் சொல்லி வந்த ஜெபங்களும், அந்த ஜெபங்களைப் பிழையின்றிக் காத்த ஏடுகளுமே.

காலணாப் புத்தகங்களின் காலம்

1835-ல் மெட்காஃப் காலத்தில் அச்சுச் சட்டம் தளர்ந்தபின், நம் நாட்டவர் தடையின்றி அச்சகம் வைக்க வழி பிறந்தது. அதன்பின் புத்தகம் மலிந்தது. புதுச்சேரி மிஷன் அச்சகம் 1851 முதல் 1853 வரை தேம்பாவணியை அச்சிட்டது. பாடி 125 ஆண்டுகள் கழித்தே அது அச்சு கண்டது. திருச்சியிலும் சென்னையிலும் கத்தோலிக்க அச்சகங்கள் எழுந்தன. 1911-ல் புதுச்சேரியிலிருந்து "சர்வ வியாபி" பத்திரிகை வரத் தொடங்கியது.

ஆனால் வீடுகளுக்குள் நுழைந்தவை பெரிய காவியங்கள் அல்ல. சின்னக் குறிப்பிடம், ஜெபமாலைப் புத்தகம், சிலுவைப் பாதை, மார்ச்சு மாதத்துக்குச் சூசையப்பர் வணக்கமாதம், மே மாதத்துக்கு மாதா வணக்கமாதம், ஜூன் மாதத்துக்குத் திரு இருதய வணக்கமாதம், அந்தோனியார் நவநாள், சகாயமாதா நவநாள் ஆகியவையே வீட்டுப் புத்தகங்கள். சற்று வாசிக்கத் தெரிந்த வீடுகளில் கிறிஸ்துநாதர் அநுசாரமும் அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரமும் இருந்தன. சட்டைப் பையில் அடங்கும் அளவு, திருநாள் சந்தையில் மெழுகுதிரிக்கும் உப்பு மிளகுக்கும் பக்கத்தில் வாங்கக்கூடிய விலை.

இது நம் சபைக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அதே காலத்தில் சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்குத் தோத்திரப் பாடல்களும் அம்மானைகளும் கட்டுக் கட்டாக விற்றன. வடக்கே கோரக்பூரில் 1923-ல் தொடங்கிய கீதா அச்சகம், கீதையையும் இராமாயணத்தையும் ஏழையும் வாங்கும் விலையில் நாடெங்கும் கொண்டு சென்றது. நம் சாலைச் சந்திப்பிலிருந்து மேற்கே பெரியபாளையம் போகும் சாலையில் ஆடி மாதத்தில் பாருங்கள். பவானி அம்மன் கோவிலுக்குப் போகும் கூட்டம் திரும்பும்போது வேப்பிலை, குங்குமத்தோடு ஒரு சிறு பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்கிறது. கிழக்கே பழவேற்காட்டு மகிமை மாதா திருநாளுக்குப் போகும் நாம் நவநாள் புத்தகம் வாங்கி வருகிறோம். வேளாங்கண்ணிக்குப் போனவர் எண்ணெயும் தீர்த்தமும் மட்டுமா கொண்டு வருகிறார்? அண்டை வீட்டுக்குக் கொடுக்க இரண்டு ஜெபப் புத்தகமும் அந்தப் பையில் இருக்கும்.

ஏன் வாங்குகிறோம்?

பழைய காரணம் முதலாவது. ஜெபத்தை நடத்த ஒருவர் வேண்டும். அவர் இல்லாதபோது புத்தகம் அவர் இடத்தில் நிற்கிறது. சாவு வீட்டில் நள்ளிரவில் குருவானவரை எங்கே தேடுவது? யாரோ ஒருவர் புத்தகத்தை எடுத்து விளக்கடியில் உட்கார்ந்து ஆத்துமத்துக்கான ஜெபத்தைத் தொடங்குகிறார். அழுது ஓய்ந்தவர்கள் பதில் சொல்லத் தொடங்குகிறார்கள். நம் பங்கில் இதைப் பார்க்காதவர் யார்?

இரண்டாவது, துன்பம். மகனுக்கு வேலை இல்லை, மகளுக்கு வரன் அமையவில்லை, ஆலையில் கை நசுங்கியது, மருத்துவர் தேதி குறித்துவிட்டார். இப்படிப்பட்ட நாளில் மனிதனுக்குச் சொந்தச் சொல் வருவதில்லை. வேறு யாரோ துன்பத்தில் சொல்லிப் பழகிய சொல் தேவைப்படுகிறது. நவநாள் புத்தகம் அந்தச் சொல்லைக் கடனாகத் தருகிறது. 9 நாள் என்று ஒரு கணக்கையும் தருகிறது. நாளைக்கும் எழுந்து ஜெபிக்க வேண்டும் என்பதே அந்த 9 நாளும் அவனைத் தாங்கி நிறுத்துகிறது.

மூன்றாவது, கொடை. புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கும், திருமணம் ஆகிப் போகும் பெண்ணுக்கும், வெளியூர் வேலைக்குப் போகும் மகனுக்கும் கொடுக்கிறோம். பெற்றோர் சொல்ல நினைத்து வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்தாகப் போடுகிறார்கள். நாம் பார்த்த பழைய புத்தகங்களில் அச்சான பக்கங்களைவிட அந்த முதல் பக்கமே நம் கண்ணைக் கலங்க வைத்தது. பிறந்த நாள், ஞானஸ்நான நாள், இறந்த நாள் எல்லாம் அங்கேதான் குறித்திருந்தன.

நல்ல காரணங்களை மட்டும் சொன்னால் இது உண்மையான கட்டுரை ஆகாது. புத்தகம் வீட்டில் இருந்தாலே தீங்கு அணுகாது என்று வாங்கி, விரிக்காமல் வைப்போர் உண்டு. கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைப்போர் உண்டு. "இந்த ஜெபத்தை இத்தனை பிரதி எடுத்துக் கொடுக்காவிட்டால் ஆபத்து வரும்" என்று பயமுறுத்தும் துண்டுத்தாளை நம்பி, நடுங்கிக்கொண்டே அச்சடித்துப் பகிர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. முன்பு தாளில் வந்தது, இப்போது கைபேசியில் வருகிறது. பயத்தை விற்பது ஜெபம் ஆகாது. நம் மூத்தோர் புத்தகம் வாங்குமுன் ஆயரின் அச்சு அனுமதி உண்டா என்று முதல் தாளைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த நல்ல பழக்கத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

சொல் மாறியபோது

நம் பழைய புத்தகங்களுக்கு ஒரு துயரமும் நேர்ந்தது. அதையும் இங்கே பதிவு செய்வது நம் கடமை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்தது. விசுவாசிகள் அனைவருக்கும் வேதாகமம் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று அச்சங்கம் கேட்டுக்கொண்டது. இலத்தீனில் நடந்த பூசை தமிழ்த் திருப்பலி ஆயிற்று. முதுகு காட்டி நின்ற குருவானவர் நம் பக்கம் திரும்பினார். நமக்குப் புரியும் மொழியில் ஆண்டவரின் வார்த்தை கேட்டது. எத்தனை பெரிய கொடை! 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் கைக்கு வந்தது. தரங்கம்பாடியும் வீரமாமுனிவரும் எதிரெதிராக நின்று எழுதிய காலத்தை எண்ணினால், இது சிறிய காரியம் அல்ல.

ஆனால் அதோடு சொற்களும் மாறின. சர்வேசுரன் இறைவன் ஆனார். இஸ்பிரீத்துசாந்து தூய ஆவி ஆனார். அர்ச்சிஷ்டவர்கள் புனிதர்கள் ஆனார்கள். பிரியதத்த மந்திரம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் அருள் நிறைந்த மரியே என்று தொடங்கக் கற்றார்கள். நல்ல தமிழ்தான், தேவையான மாற்றம்தான். எனினும் 60 வயதில் ஒருவர் தன் தாயிடம் கற்ற ஜெபத்தைக் கோவிலில் வாய்விட்டுச் சொல்ல, சுற்றியிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பின் அவர் கோவிலில் உரத்து ஜெபிக்கவே இல்லை, உதடு மட்டும் அசையும் என்று அவர் மகன் நம்மிடம் சொன்னார். முதல் 8 பக்கம் இல்லாத புத்தகத்தை வைத்திருந்த அந்தப் பாட்டியும் பழைய ஜெபத்தைத்தான் சொல்லுகிறார். நாம் கேட்டுக்கொண்டபோது, இல்லாத அந்த 8 பக்கங்களையும் ஒரு சொல் தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் புத்தகம் தெரியும். தகப்பனார் மாலைதோறும் வாசித்தார், மகள் கேட்டார். வாங்கிய புத்தகம் அவர் குரலில் ஏறிவிட்டது. தாள் கிழிந்த பின்னும் அது கிழியவில்லை.

நம் புதுவாயலில் இன்று

நம் ஊர் நெடுஞ்சாலைச் சந்திப்பில் இருக்கிறது. வயல் வேலை செய்த குடும்பங்களோடு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்தவர்களும் சேர்ந்து இன்று நம் பங்காக இருக்கிறோம். தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர் உண்டு, வீட்டில் தெலுங்கு பேசுவோர் உண்டு, ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களும் உண்டு. அந்த இளைஞர்களின் பையிலும் அவர்கள் மொழியில் ஒரு சிறு ஜெபப் புத்தகம் இருப்பதை நாம் கண்டோம். ஊர் விட்டு வந்தவனுக்கு முதல் கோவில் அதுதான். நம்முள் பலருக்கும் ஒருநாள் அப்படித்தான் இருந்தது.

இன்று நம் வீடுகளில் புத்தகத்துக்குக் குறைவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா வாங்குகிறோம். விவிலியம் வீட்டுக்கு இரண்டு இருக்கிறது, கைபேசியிலும் இருக்கிறது. குறைந்திருப்பது குரல். ஒருவர் பகல் ஷிப்டு, ஒருவர் இரவு ஷிப்டு, பிள்ளை டியூஷனில். மாலை ஜெபத்துக்கு எல்லாரும் கூடும் வீடு எத்தனை என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். முத்துக்குளித்துறை மக்கள் பணம் தந்தது அலமாரிக்காக அல்ல. ஒருவர் வாசித்தால் பலர் கேட்பார்கள் என்பதற்காக.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் பங்கு மக்களிடம் 3 விண்ணப்பங்களை வைக்கிறோம்.

பழைய ஜெபப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் பங்கு இல்லத்தில் கொடுங்கள். சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய தமிழ் அச்சு நூல்களைப் போற்றிக் காத்து வருகின்றன. காலணாப் புத்தகமும் நம் சரித்திரமே.

வீட்டில் மூத்தோர் இருந்தால், அவர்கள் அறிந்த பழைய ஜெபங்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். கைபேசியில் பதிவு செய்து வைத்தால் இன்னும் நன்று. சொல் பழையது என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

இந்தத் திருநாளில் ஒரு புத்தகம் வாங்குவீர்களானால், அதை அன்றிரவே விரியுங்கள். யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் போதும். ஒருவர் ஒரு பக்கம் உரக்க வாசிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். எழுத்துத் தெரியாத பாட்டி பக்கத்தில் இருந்தால் அவரே முதல் இடத்தில் உட்காரட்டும்.

நம் முன்னோர் காசு கொடுத்து வாங்கியதை நாம் குரல் கொடுத்துக் காப்போமாக. சவேரியார் தெருவில் அடித்த மணியின் ஓசை நம் வீடுகளில் ஓயாதிருக்க, மகிமை மாதாவும் நம் சூசையப்பரும் நமக்காக மன்றாடுவார்களாக.